கரிசலாங்கண்ணியின் வேதிப்பொருளும் அதைக் கண்டறிந்த வேதியியலாளரும்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். தங்கள் நாளிதழின் ஞாயிறு இணைப்பில் வெளிவரும் மூலிகைப் பத்தியைத் தவறாமல் படித்துவருகிறேன். அண்மையில் மஞ்சள் கரிசலாங்கண்ணியைப் பற்றி எழுதிய அன்பர், கல்லீரலுக்கு அந்தக் கீரை நல்லது என்பதை விரிவாகச் சொல்லிவிட்டு, அது "வேதிப்பொருள் எதுவும் இல்லாத இயற்கை மருந்து" என்று கட்டுரையை முடித்திருந்தார். முப்பது ஆண்டுகளுக்கு மேல் கல்லூரியில் கரிம வேதியியல் கற்பித்து ஓய்வுபெற்ற எனக்கு, அந்த வரியைப் படித்த பிறகு எழுதாமல் இருக்க முடியவில்லை. கட்டுரையாளரைக் குறை சொல்வது என் நோக்கமன்று. அந்த ஒரு வரியால் ஒரு பெரிய மனிதரின் வாழ்நாள் உழைப்பு நம் கண்ணுக்குத் தெரியாமல் போய்விடுகிறது என்பதே என் வருத்தம்.

மஞ்சள் கரிசலாங்கண்ணியில் வெடலோலாக்டோன் என்ற வேதிப்பொருள் இருக்கிறது. செடியின் தாவரவியல் பெயரான வெடலியாவிலிருந்தே அதற்கு இந்தப் பெயர் வந்தது. அந்தப் பொருளின் மூலக்கூறு அமைப்பு 1956ஆம் ஆண்டில் லண்டன் வேதியியல் சங்கத்தின் ஆய்விதழில் வெளிவந்தது. கட்டுரையை எழுதியவர்கள் டி. ஆர். கோவிந்தாச்சாரி, கே. நாகராஜன், பி. ஆர். பாய் ஆகிய மூவர். ஆய்வு நடந்த இடம் சென்னை மாநிலக் கல்லூரி. 16 கார்பன், 10 ஹைட்ரஜன், 7 ஆக்சிஜன் அணுக்கள் கொண்ட அந்த மூலக்கூறில் கூமாரின் வளையமும் பென்சோஃபியூரான் வளையமும் ஒன்றோடொன்று ஒட்டிப் பிணைந்திருக்கின்றன. இந்த அமைப்புடைய பொருள்களை இன்று கூமெஸ்டான்கள் என்கிறோம். குதிரைமசால் தீவனத்தில் இருக்கும் கூமெஸ்ட்ரால் உலகம் முழுவதும் பேசப்பட்ட கூமெஸ்டான். அதன் அமைப்பு அமெரிக்காவிலிருந்து வெளிவந்தது அதற்குப் பிறகுதான். வெள்ளைக் கரிசலாங்கண்ணியிலும் இதே வெடலோலாக்டோன் இருப்பது பின்னர் தெரியவந்தது. கல்லீரல் மருந்துகளில் கரிசலாங்கண்ணியின் தரத்தை அளக்க விரும்பும் ஆய்வகங்கள் இன்று முதலில் அளந்து பார்ப்பது இந்தப் பொருளைத்தான். எனவே, அந்தக் கீரையைப் பற்றித் தமிழில் எழுதும்போது வேதிப்பொருள் இல்லை என்று எழுதுவது உண்மைக்கு மாறானது மட்டுமன்று, அதைக் கண்டறிந்தவர்கள் நம் ஊரிலேயே இருந்தார்கள் என்பதையும் மறப்பதாகும்.

கோவிந்தாச்சாரி 1915ஆம் ஆண்டு சென்னையில் பிறந்தவர். டி.ஆர்.ஜி. என்றே வேதியியல் வட்டாரத்தில் அறியப்பட்டவர். மாநிலக் கல்லூரியில் பயின்று, அங்கேயே பேராசிரியர் பி. பி. டே அவர்களிடம் ஆய்வு செய்து முனைவர் பட்டம் பெற்றார். இரண்டாம் உலகப்போர் முடிந்த கையோடு அமெரிக்காவின் இல்லினாய் பல்கலைக்கழகத்துக்குச் சென்று, ரோஜர் ஆடம்ஸ் என்ற புகழ்பெற்ற வேதியியலாளரின் ஆய்வகத்தில் செனெசியோ என்னும் செடியினத்தின் ஆல்கலாய்டுகளை, அதாவது செடிகள் உண்டாக்கும் நைட்ரஜன் கொண்ட பொருள்களை, ஆராய்ந்தார். அங்கேயே தங்கிவிடாமல் மாநிலக் கல்லூரிக்குத் திரும்பி வந்து, அடுத்த பத்துப் பன்னிரண்டு ஆண்டுகளில் ஓர் ஆய்வுப் பள்ளியையே உருவாக்கினார். வேதியியலுக்கான சாந்தி சுவரூப் பட்நாகர் விருது 1960ஆம் ஆண்டு அவருக்கு வழங்கப்பட்டது. அரசுக் கல்லூரி ஒன்றின் ஆய்வகத்தில் செய்த வேலைக்காக அந்த விருது கிடைத்தது என்பதை, அரசுக் கல்லூரிகளில் காலமெல்லாம் பணியாற்றிய நான் நினைக்கும்போதெல்லாம் நெஞ்சு நிமிர்கிறது.

அந்த வேலை எத்தகையது என்பதைச் சற்று விளக்க அனுமதியுங்கள். ஒரு செடியின் இலையையோ பட்டையையோ உலர்த்திப் பொடித்து, கரைப்பானில் ஊறவைத்து, சாற்றை வற்றவைத்து, அதிலிருந்து ஒரே ஒரு பொருளைத் தூய படிகமாகப் பிரித்தெடுப்பது முதல் படி. அந்தப் படிகத்தின் மூலக்கூறில் எந்த அணு எந்த அணுவோடு இணைந்திருக்கிறது என்று கண்டுபிடிப்பது அடுத்த படி. இரண்டாவது படியே மலை. மூலக்கூறைக் கண்ணால் பார்க்க வழியில்லாத காலத்தில் அதை உடைத்துத்தான் அறிந்தார்கள். ஆக்சிஜனேற்றி உடைப்பார்கள், துத்தநாகத் தூளோடு சேர்த்துக் காய்ச்சுவார்கள், நைட்ரஜன் உள்ள வளையங்களை ஹாஃப்மன் முறையில் படிப்படியாகத் திறப்பார்கள். கிடைத்த துண்டுகள் ஒவ்வொன்றையும், ஏற்கெனவே அமைப்பு தெரிந்த பொருள்களோடு உருகுநிலையை ஒப்பிட்டு அடையாளம் காண்பார்கள். பிறகு, உடைந்த பானையின் ஓடுகளை வைத்துப் பானையின் வடிவத்தைச் சொல்வதுபோல முழு மூலக்கூறையும் மனத்தில் கட்டிப் பார்ப்பார்கள். எட்டிக்கொட்டையின் ஸ்டிரிக்னைன் 1818ஆம் ஆண்டு பிரித்தெடுக்கப்பட்டது. அதன் அமைப்பு துலங்கியது 1946இல்தான். ஒரு மூலக்கூறுக்கு 128 ஆண்டுகள்.

இந்தப் பழைய கலையில் கோவிந்தாச்சாரி கை தேர்ந்தவர். நஞ்சறுப்பான் கொடியை நம் கிராமத்து வைத்தியர்கள் இழுப்பு நோய்க்குக் கொடுப்பார்கள். அதிலிருந்து டைலோஃபோரின் என்ற ஆல்கலாய்டை 1935ஆம் ஆண்டிலேயே ரத்னகிரீசுவரன், வெங்கடாசலம் என்ற இருவர் பிரித்துவிட்டார்கள். ஆனால் அது எந்த உருவத்தில் இருக்கிறது என்பது தெரியவில்லை. 1954 முதல் கோவிந்தாச்சாரியின் குழு அதை எடுத்துக்கொண்டது. ஃபினாந்திரீன், இண்டோலிசிடின் என்ற இரு வளைய அமைப்புகள் இணைந்த, அதுவரை இயற்கையில் அறியப்படாத ஒரு கூடு அதற்கு இருப்பதை நிறுவியது. 1961இல் எம். வி. லட்சுமிகாந்தமும் எஸ். ராஜதுரையும் அவரோடு சேர்ந்து அதைச் சோதனைச்சாலையிலேயே தொகுத்துக் காட்டினார்கள். அமைப்பு இதுதான் என்று தாளில் எழுதுவதற்கும், அதன்படியே அந்தப் பொருளைக் கையால் செய்து, செடி தந்ததும் நாம் செய்ததும் ஒன்றே என்று காட்டுவதற்கும் உள்ள தூரம் பெரியது. அந்நாளில் தொகுப்பே இறுதிச் சான்று. புற்றுநோய்ச் செல்களின் வளர்ச்சியை டைலோஃபோரின் தடுப்பதால் உலகின் பல ஆய்வகங்கள் இன்றும் அதைச் சுற்றி வேலை செய்கின்றன.

அதே 1961இல் ஏழிலைப்பாலையின் பட்டையிலிருந்து கிடைக்கும் எக்கிட்டமைனின் அமைப்பை எஸ். ராஜப்பாவுடன் சேர்ந்து வெளியிட்டார். பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியிலிருந்தே அறியப்பட்டிருந்தும் பிடிகொடுக்காத பொருள் அது. அதே ஆண்டில் பெங்களூரு இந்திய அறிவியல் கழகத்தில் எச். மனோகரும் எஸ். ராமசேஷனும் எக்கிட்டமைன் புரோமைடு படிகத்தின் மீது எக்ஸ் கதிரைச் செலுத்தி அதன் முப்பரிமாண வடிவத்தை வெளிக்கொணர்ந்தார்கள். வேதியியலாளர் உடைத்துக் கண்டதையும் இயற்பியலாளர் உடைக்காமல் கண்டதையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் படிக்கும் வாய்ப்பை அந்த ஆண்டின் ஆய்விதழ்கள் தந்தன. ஒரு யுகம் முடிந்து இன்னொன்று தொடங்கிய இடமாகவே அதை என் மாணவர்களுக்குச் சொல்லிக்கொடுத்திருக்கிறேன்.

புதிய யுகத்தின் பெயர் நிறமாலையியல். ஒளியோ வேறு கதிர்வீச்சோ ஒரு பொருளின் மீது படும்போது, அதில் எந்தப் பகுதியைப் பொருள் உறிஞ்சுகிறது என்பதை வைத்து அதன் உள்ளமைப்பை அறிவது அந்தத் துறை. (மாநிலக் கல்லூரியின் பழைய மாணவரான சி. வி. ராமன் 1928இல் கொல்கத்தாவில் கண்டறிந்த ஒளிச்சிதறலும் இதே குடும்பத்தைச் சேர்ந்ததுதான்.) புற ஊதா நிறமாலை, மூலக்கூறில் இரட்டைப் பிணைப்புகள் எப்படித் தொடர்ந்து அமைந்திருக்கின்றன என்பதைச் சொல்லும். அகச்சிவப்பு நிறமாலை, கார்பனும் ஆக்சிஜனும் இரட்டைப் பிணைப்பில் இருந்தால் 1700 என்ற அலையெண்ணின் அருகே ஓர் ஆழமான பள்ளத்தைக் காட்டிவிடும். நிறை நிறமாலை, மூலக்கூறின் எடையையும் அது உடையும் விதத்தையும் மில்லிகிராமிலும் குறைந்த பொருளிலிருந்து சொல்லும். இவை எல்லாவற்றையும்விடக் கரிம வேதியியலின் முகத்தையே மாற்றியது அணுக்கரு காந்த ஒத்ததிர்வு, சுருக்கமாக என்.எம்.ஆர். வலிய காந்தப்புலத்தில் வைத்த பொருளின் அணுக்கருக்கள் எந்த ரேடியோ அலைகளை உறிஞ்சுகின்றன என்பதை வைத்து, ஒவ்வோர் அணுவின் சுற்றுப்புறத்தையும் அறியும் முறை அது. 1946இல் ஸ்டான்ஃபோர்டில் பிளாக்கும் ஹார்வர்டில் பர்செலும் தனித்தனியே கண்டறிந்து, 1952இல் நோபல் பரிசு பெற்ற நிகழ்வு அது. ஆனால் சாதாரண ஆய்வகத்தில் கரிம வேதியியலாளர் தாமே கையாளத்தக்க கருவியாக, வேரியன் நிறுவனத்தின் ஏ-60 வந்தது 1961இல்தான்.

நான் முதுகலை படித்த 1970களில் எங்கள் கல்லூரியில் அப்படிப்பட்ட கருவி எதுவும் இல்லை. புத்தகத்தில் அச்சிட்ட நிறமாலைகளைப் பார்த்து நோட்டில் வரைவோம். ஒருமுறை எங்கள் ஆசிரியர், வேறொரு நகரத்திலிருந்து அஞ்சலில் வந்த ஒரு நீண்ட வரைதாளை மேசையின் மீது விரித்தார். கருவியின் பேனா நீல மையில் இழுத்த கோட்டில் சில இடங்களில் ஊசிபோல் முனைகள் எழுந்து நின்றன. "இந்த முனை மூன்று ஹைட்ரஜன், பக்கத்தில் ஒரே ஒரு ஹைட்ரஜன் இருப்பதால்தான் இரண்டாகப் பிளந்திருக்கிறது" என்று அவர் விரலால் தொட்டுக் காட்டியபோது, அதுவரை எழுத்தும் கோடுமாக மட்டுமே இருந்த மூலக்கூறு எனக்கு முதன்முதலாகப் பொருளாயிற்று. கோவிந்தாச்சாரியின் கட்டுரைகளைத் தேடிப் படிக்கத் தொடங்கியது அன்றிலிருந்துதான்.

1963ஆம் ஆண்டு அவர் மாநிலக் கல்லூரியை விட்டு, மும்பையின் கோரேகானில் சுவிட்சர்லாந்தின் மருந்து நிறுவனமான சிபா அமைத்த ஆய்வு மையத்தின் இயக்குநரானார். பிரதமர் நேரு திறந்துவைத்த மையம் அது. அவரிடம் பயின்ற நாகராஜன், ராஜப்பா போன்றோரும் அங்கே சென்று பணியாற்றினார்கள். நைட்ராக்சசெப்பின் என்ற மனச்சோர்வு மருந்தும், அமீபா நோய்க்கான சாட்ரானிடசோலும் அந்த மையத்தின் ஆக்கங்கள். இந்திய மண்ணிலேயே முதலிலிருந்து உருவாக்கிய புதிய மருந்துகள் மிக அரிதாக இருந்த காலம் என்பதை நினைவிற்கொள்ள வேண்டும். ஆனால் என்னைப் பொறுத்தவரை கோரேகான் ஆண்டுகளின் சிகரம் மருந்தன்று. மேற்குத் தொடர்ச்சி மலைக் காட்டில் கொக்கி போன்ற கிளைகளால் மரங்களைப் பற்றி ஏறும் ஒரு கொடியின் ஆல்கலாய்டு.

அந்தக் கொடி ஆன்சிஸ்ட்ரோகிளாடஸ் ஹெய்னியானஸ். அதன் வேரிலிருந்து பிரித்த ஆன்சிஸ்ட்ரோகிளாடினின் அமைப்பை அவரும் பி. சி. பார்த்தசாரதியும் 1970, 1971ஆம் ஆண்டுகளில் வெளியிட்டார்கள். 25 கார்பன் அணுக்கள் கொண்ட அந்த மூலக்கூறின் என்.எம்.ஆர். நிறமாலையை ஆசிரியனாக நான் பலமுறை கரும்பலகையில் வரைந்திருக்கிறேன். ஒரு கார்பனும் மூன்று ஹைட்ரஜனும் சேர்ந்த தொகுதி மெத்தில்; அது ஆக்சிஜன் வழியாக ஒட்டியிருந்தால் மெத்தாக்சி. மூன்று மெத்தாக்சித் தொகுதிகள் தனித்தனி முனைகளாக நிற்கும். வளையத்தில் நேரடியாக ஒட்டிய ஒரு மெத்தில் பிளவுபடாமல் நிற்கும். இன்னும் இரண்டு மெத்தில்கள் இரண்டிரண்டாகப் பிளந்து, ஒவ்வொன்றின் பக்கத்திலும் ஒரே ஒரு ஹைட்ரஜன்தான் இருக்கிறது என்று சொல்லும். அந்த இரண்டு மெத்தில்களில்தான் வியப்பே அடங்கியிருக்கிறது. ஐசோகுயினோலின் என்ற, நைட்ரஜன் உள்ள இரட்டை வளையத்தைக் கொண்ட ஆல்கலாய்டுகளைச் செடிகள் வழக்கமாக டைரோசின் என்ற அமினோ அமிலத்திலிருந்து கட்டுகின்றன; அப்படிக் கட்டினால் வளையத்தின் மூன்றாம் இடத்தில் மெத்தில் வர வாய்ப்பில்லை. இந்தக் கொடியிலோ அந்த இடத்தில் மெத்தில் இருந்தது. ஆக்சிஜன் அணுக்களும் வழக்கத்துக்கு மாறான இடங்களில் இருந்தன. அதோடு, ஐசோகுயினோலினின் மீது ஒரு முழு நாஃப்தலீன் வளையம் நேரடியாகப் பிணைந்திருந்தது. இப்படி ஒரு சேர்க்கையை அதற்கு முன் எவரும் இயற்கையில் கண்டதில்லை.

அந்தச் சேர்க்கைக்கு இன்னொரு நுட்பமும் உண்டு. இரண்டு வளையங்களையும் இணைக்கும் பிணைப்பைச் சுற்றிலும் தொகுதிகள் நெருக்கிக்கொண்டு நிற்பதால் வளையங்கள் தாராளமாகச் சுழல முடியாது. திருகிய நிலையில் அப்படியே நின்றுவிடும். அதனால் வலக்கை இடக்கை போல இரு வடிவங்கள் சாத்தியமாகின்றன. செடி அவற்றைப் பிரித்தறிந்து செய்கிறது. வழக்கத்துக்கு மாறான அந்த மெத்தில் தந்த குறிப்பைப் பின்தொடர்ந்து, ஜெர்மனியில் கெர்ஹார்ட் பிரிங்மன் குழுவினர் இந்த ஆல்கலாய்டுகள் அமினோ அமிலத்திலிருந்து பிறப்பவை அல்ல, இரண்டு கார்பன் கொண்ட அசிட்டேட் அலகுகளிலிருந்து பிறப்பவை என்று பிற்காலத்தில் நிறுவினார்கள். 1991இல் கேமரூன் நாட்டுக் காட்டில் இதே இனத்தைச் சேர்ந்த வேறொரு கொடியிலிருந்து, எச்.ஐ.வி. கிருமியை எதிர்க்கும் மிஷெல்லமைன்-பி கிடைத்தபோது உலகமே திரும்பிப் பார்த்தது. அந்தக் குடும்பத்தின் முதல் உறுப்பினரை அடையாளம் கண்டவர் கோவிந்தாச்சாரி என்பது துறைக்கு வெளியே நம்மில் எத்தனை பேருக்குத் தெரியும்?

கோரேகானிலிருந்து ஓய்வுபெற்று அவர் சென்னைக்கே திரும்பினார். அம்ருதாஞ்சன் நிறுவனத்தின் ஆய்வுப் பிரிவுக்கு வழிகாட்டிய பிறகு, எழுபது வயதைக் கடந்த நிலையில் ஸ்பிக் அறிவியல் அறக்கட்டளையின் வேளாண் வேதிப்பொருள் ஆய்வில் இறங்கினார். இம்முறை அவர் கையில் எடுத்தது வேம்பு. பயிரைத் தின்னும் பூச்சிகளை வேப்பங்கொட்டை விரட்டுவது நம் விவசாயிகளுக்குக் காலங்காலமாகத் தெரியும். அதற்குக் காரணமான அசாடிராக்டினை 1968இல் இங்கிலாந்தில் பட்டர்வொர்த்தும் மார்கனும் பிரித்தார்கள். 35 கார்பன், 44 ஹைட்ரஜன், 16 ஆக்சிஜன் அணுக்கள் சிக்கலாகப் பின்னிக்கிடக்கும் அந்த மூலக்கூறுக்கு 1975இல் முன்மொழியப்பட்ட அமைப்பு 1985இல்தான் திருத்தப்பட்டு உறுதியானது. இங்கிலாந்தின் வேதியியலாளர் ஸ்டீவன் லேயின் குழுவினர் அதைச் சோதனைச்சாலையில் தொகுத்து முடித்தது 2007இல். தூய அசாடிராக்டின் கிடைப்பது குதிரைக்கொம்பாக இருந்த நிலையில், கலவையை உயர் அழுத்தத்தில் ஒரு குழாய் வழியே செலுத்திப் பொருள்களைத் தனித்தனியே பிரிக்கும் உயர்திறன் திரவ நிறப்பகுப்பு முறையால் அதை வேப்பங்கொட்டையிலிருந்து எளிதாகப் பிரிக்கும் வழியைக் கோவிந்தாச்சாரியின் குழு 1990இல் வெளியிட்டது. அதன் கூடவே ஒளிந்திருந்த அசாடிராக்டின்-எச், அசாடிராக்டின்-ஐ என்ற புதிய உறவுப் பொருள்களையும் பிரித்து, என்.எம்.ஆர். மூலம் அவற்றின் அமைப்பைச் சொன்னது. உருகுநிலையைப் பார்த்துத் துண்டுகளை ஒப்பிட்ட காலத்தில் வேலை தொடங்கியவர், இருபரிமாண என்.எம்.ஆர். வழக்கத்துக்கு வந்த காலத்திலும் புதிய மூலக்கூறுகளுக்கு அமைப்பு எழுதிக்கொண்டிருந்தார். 2001இல் அவர் மறைந்தார்.

ஆசிரியர் அவர்களே, மூலிகைப் பத்தியை நிறுத்தச் சொல்லவில்லை. அதில் ஒரு வரி கூட்டும்படிதான் கேட்கிறேன். கரிசலாங்கண்ணியைப் பற்றி எழுதும்போது வெடலோலாக்டோன் என்ற பெயரும் 1956 என்ற ஆண்டும் மாநிலக் கல்லூரியும் இடம்பெறட்டும். நஞ்சறுப்பானுக்கும் ஏழிலைப்பாலைக்கும் வேம்புக்கும் அவ்வாறே. பத்தி எழுதுபவர் விரும்பினால் அமைப்பு வாய்பாடுகளைச் சரிபார்த்துத் தர நான் அணியமாக இருக்கிறேன். அதற்கு ஊதியம் வேண்டாம். "கெமிக்கல் இல்லாதது" என்று பொட்டலத்தின் மேல் அச்சிட்டு விற்கும் பொடிகளை வாங்கும் பெற்றோரின் பிள்ளைகள்தாம் என் வகுப்பில் வந்து அமர்ந்தார்கள். வேதிப்பொருள் என்றாலே நஞ்சு என்ற எண்ணத்தை அவர்கள் மனத்திலிருந்து எடுப்பதற்கே எனக்கு முதல் மாதம் முழுவதும் போய்விடும். செய்தித்தாள் ஒருநாள் செய்யக்கூடிய வேலை அது.

இன்னொரு வேண்டுகோளும் உண்டு. அந்தத் தலைமுறை ஆய்வாளர்களின் நோட்டுப் புத்தகங்களும், வரைதாளில் பேனா இழுத்த நிறமாலைகளும், சிறு குப்பிகளில் சீட்டு ஒட்டி வைத்த படிக மாதிரிகளும் இன்னும் சிலர் வீட்டு அலமாரிகளிலும் கல்லூரிகளின் பழைய அறைகளிலும் இருக்கக்கூடும். நான் பணியாற்றிய ஒரு கல்லூரியில் அத்தகைய தாள்கள் கட்டுக்கட்டாகப் பழைய காகிதத்தோடு எடைக்குப் போனதைத் தடுக்க முடியாமல் நின்றிருக்கிறேன். கையில் வைத்திருப்பவர்கள் அவற்றை எறிந்துவிடாமல், ஏதேனும் ஒரு நூலகத்திடமோ பல்கலைக்கழகத் துறையிடமோ ஒப்படைக்கும்படி தங்கள் நாளிதழ் வாயிலாகக் கேட்டுக்கொள்கிறேன். ஒட்டிய சீட்டில் செடியின் பெயரும் அது சேகரிக்கப்பட்ட ஊரும் நாளும் இருந்தால், அந்தச் சீட்டைக் குப்பியிலிருந்து பிரிக்காமல் கொடுக்க வேண்டும்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற வேதியியல் பேராசிரியர்,
திருச்சிராப்பள்ளி.